குளித்துப் பழகிய கிடா

வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்குப் பக்கிரிசாமி லோரியை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். வீட்டுக்குள் போகவில்லை. நேராக ஆட்டுக் கொட்டாய்க்குப் போனார்.

கொட்டாய் உயரமான மின்கம்பிகளுக்குக் கீழே இருந்தது. பண்டமாரானில் அந்த நீளத் துண்டு நிலத்தில் வீடு கட்ட விடமாட்டார்கள். சிலர் வாழை வைத்தார்கள். சிலர் மரவள்ளி வைத்தார்கள். பக்கிரிசாமியின் மனைவி அமுதவள்ளி ஆடு வைத்தார். ஒன்பது வெள்ளாடு, ஐந்து செம்மறி.

பக்கிரிசாமிக்கு அறுபது ஆக இரண்டு மாதம் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் துறைமுகத்துக்கும் கிளந்தானுக்கும் இடையில் ரோட்டில் இருப்பார். செவ்வாய்க்கிழமை மதியம் காராக் இறக்கத்தில் லோரியின் பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் இருபது டன் தரை ஓடு. பிரேக் போன வண்டி ஏறி நிற்க ஓரத்தில் வைத்த மணல் மேடு வர இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். அந்த ஒன்றரை கிலோமீட்டருக்குள் அவர் முனீஸ்வரரிடம் ஒரு வார்த்தை சொன்னார். உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தால், எங்கள் கொட்டாயில் எந்தக் கிடா முதலில் என் முகத்தைப் பார்க்கிறதோ அது உனக்கு.

வேறு மாதிரியும் நேர்ந்துகொண்டிருக்கலாம். யோசிக்க நேரம் இல்லை.

லோரி மணலில் அச்சு வரை புதைந்து நின்றது. அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

இப்போது கொட்டாய் வாசலில் நின்றார். ஆடுகள் தொட்டியில் தலையை விட்டிருந்தன. மனிதன் வந்தால் ஆடு முதலில் கையைப் பார்க்கும். கையில் ஒன்றும் இல்லையென்றால் அவனை விட்டுவிடும். எதுவும் தலையைத் தூக்கவில்லை.

கடைசித் தடுப்பில் தனியாகக் கட்டியிருந்த வெள்ளைச் செம்மறிக் கிடா மட்டும் எழுந்தது. அவர் முகத்தை நேராகப் பார்த்தது. கயிறு விட்ட தூரம் வரை வந்து, நெற்றியை அவர் முழங்காலில் வைத்து நின்றது. அதன் மேல் சோப்பு வாசம் அடித்தது. பக்கிரிசாமி அதைக் கவனிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அதன் கழுத்தில் கட்டினார். நெற்றியில் மஞ்சள் பூசினார். பிறகு முனீஸ்வரர் கோயிலுக்கு நடந்தார். கோயில் சரக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டி, நானூறு அடி தூரத்தில் இருந்தது. பூசாரி வேலாயுதம் பசியாறிக்கொண்டிருந்தார். சுற்றி இருபது பேர். பக்கிரிசாமி பிரேக் கதையைச் சொன்னார். மணல் மேட்டைச் சொன்னார். கிடா வந்து முழங்காலில் நெற்றியை வைத்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை என்று முடிவானது.

அந்த நேரத்தில் அமுதவள்ளி கிள்ளானில் இருந்தார். கச்சான், அதாவது நிலக்கடலை, வறுத்து விற்கிற வீட்டில் தோலை மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். வாரம் ஒரு மூட்டை. அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். கொட்டாய்க்குள் போனதும் மஞ்சளைப் பார்த்தார். மூட்டையை இறக்காமல் நின்றார்.

அந்தக் கிடா அவருடையது இல்லை.

அது பிந்தாவுடையது. பிந்தா மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சிறிய நாட்டிலிருந்து வந்தவள். கணவன் லாமினுக்குத் துறைமுகத்தில் சரக்கு நிறுவனம் ஒன்றில் வேலை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பிளாட்டில் இரண்டாம் மாடியில் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் தனியாகக் கொட்டாய்க்கு வந்தாள். வயிற்றில் மூன்று மாதம் என்று விரலைக் காட்டினாள். பிறகு கிடாக்குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பல்லைப் பார்த்தாள், விதையைப் பார்த்தாள், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தாள். அமுதவள்ளி வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். ஆடு வாங்க வருகிறவர்கள் எடையைத்தான் கேட்பார்கள். இவள் எடையைக் கேட்கவே இல்லை. வெள்ளைக் குட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதை இங்கேயே வைத்து வளர்க்க இடம் கேட்டாள்.

அவள் ஊர் கடலை விளைகிற ஊர். மழைக்காலத்தில் பயிர் நிற்கும்போது ஆடு, செம்மறி எல்லாம் கயிற்றில் இருக்கும். அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஊர் முழுவதும் அவற்றின் மேய்ச்சல். ஒரு கிடா மட்டும் அப்போதும் வீட்டு வாசலில் கட்டியிருக்கும். வீட்டில் ஒருத்தி கருவுற்றால் அந்தக் கிடாவைக் கட்டுவார்கள். காயவைத்த கடலைக் கொடியும் தவிடும் அதற்குக் கையால் ஊட்டுவார்கள். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். பிள்ளை பிறந்த எட்டாம் நாள் பெயர் வைக்கும்போது அதை அறுப்பார்கள். வயிற்றில் பிள்ளையும் வாசலில் கிடாவும் ஒன்றாக வளர வேண்டும். கடையில் வாங்கினால் அது வெறும் கறி.

இதையெல்லாம் அவள் ஆங்கிலமும் மலாயும் கையும் கலந்து சொன்னாள். அமுதவள்ளிக்கு முக்கால்வாசி புரிந்தது. சரி என்றார்.

சரி என்றதில் ஒரு சிக்கல் இருந்தது. அடுத்தவர் ஆட்டைக் கொட்டாயில் கட்டக்கூடாது என்பது பக்கிரிசாமி போட்ட சட்டம். நாலு வருடத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் ஆட்டை விட்டுப் போனார், அது செத்தது, அண்ணன் இன்னும் பேசுவதில்லை. அதனால் அமுதவள்ளி கணவரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு மாதம் போனது.

பிந்தா தினமும் மாலை ஐந்து மணிக்கு வந்தாள். கச்சான் தோலும் தவிடும் பிசைந்து கையால் ஊட்டினாள். ஒரு வாளி தண்ணீரும் குழந்தை ஷாம்புவும் வைத்துக்கொண்டு கிடாவைக் குளிப்பாட்டினாள். ஊரில் வாரத்துக்கு ஒரு தடவைதான் குளிப்பாட்டுவார்களாம். இங்கே அவளுக்கு வேறு வேலை இல்லை. முதல் வாரம் அது உடம்பை உதறி அவளைத் தலை வரை நனைத்தது. இரண்டாம் மாதத்தில் வாளியைப் பார்த்ததும் தானாக வந்து நின்றது. மூன்றாம் மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாடையைத் தூக்கிக் காட்டியது, கழுத்துக்குக் கீழே தேய்க்கச் சொல்லி. அமுதவள்ளி அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். பிந்தாவும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டதா என்று வாசலில் வரும்போதே கேட்பாள்.

"ஆன்டி, மாப்பிள்ளை மாக்கான் ஆச்சா?"

வியாழக்கிழமை காலை பிந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. லாமின் போன் செய்து சொன்னான். எட்டாம் நாள் அடுத்த வியாழன். நடுவில் ஞாயிறு இருந்தது.

பக்கிரிசாமி குளித்துவிட்டு வந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். அமுதவள்ளி எதிரே உட்கார்ந்தார்.

"அது நம்ம கிடா இல்லங்க."

"நம்ம கொட்டாய்ல நிக்கிது."

"நிக்கிது. ஆனா நம்மளுது இல்ல."

எல்லாவற்றையும் சொன்னார். பக்கிரிசாமி ரொட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டார். நனைந்த பாதி தேநீருக்குள் விழுந்தது.

"போன்ல மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு சொல்லுவியே, அது இதானா?"

"இதான்."

"பக்கத்து வூட்டு மாப்பிள்ளைன்னுல்ல நெனச்சேன். அந்தாளு குளிச்சதும் சாப்புட்டதும் இவளுக்கு எப்புடித் தெரியுதுன்னு ஆறு மாசமா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன்."

அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். வேறு கிடாவைக் கொடுத்துவிடலாம் என்றார். நல்லதாகவே ஒன்று இருக்கிறது, கறுப்பு, கொம்பு வைத்தது.

"அது என் மூஞ்சியப் பாக்கலியே," என்றார் பக்கிரிசாமி.

அவர் கோபப்படவில்லை. அது அமுதவள்ளிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அண்ணனைப் பற்றியும் பேசவில்லை. தேநீரில் மிதந்த ரொட்டியைக் கரண்டியால் எடுத்தார்.

"வர்ற செவ்வா அதே எறக்கத்துல நாந்தான் எறங்கணும், வள்ளி."

சனிக்கிழமை பகல் அமுதவள்ளி பிளாட்டுக்குப் போனார். பிந்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். குழந்தை அவள் மார்பில் தூங்கியது. எட்டாம் நாள் வரை தாயும் பிள்ளையும் வாசலைத் தாண்டக்கூடாது என்பதால் கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அமுதவள்ளி குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கொண்டுபோன பூண்டுக் குழம்பைக் கொடுத்தார். பிறகு சொன்னார்.

பிந்தாவுக்குப் புரிய நேரம் எடுத்தது. லாமின் விளக்கினான். அவன் முகம் மாறியது. வேறு தெய்வத்தின் பெயரைச் சொல்லி அறுத்தால் அது எங்களுக்கு ஆகாது, ஆன்டி, என்றான். அறுக்காமல் திரும்பி வந்தால்? அது அவனுக்குத் தெரியவில்லை. ஊரில் அப்பாவைக் கேட்க வேண்டும்.

அமுதவள்ளி கறுப்புக் கிடாவைப் பற்றிச் சொன்னார். பிந்தா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் பேசினாள். ஆறு மாதம் ஒன்று என் வயிற்றில் வளர்ந்தது, ஒன்று உங்கள் கொட்டாயில் வளர்ந்தது, இப்போது எதை மாற்றச் சொல்கிறீர்கள் என்றாள்.

அமுதவள்ளி எழுந்தார். நாற்காலியைத் தாண்டும்போது பிந்தா கூப்பிட்டாள்.

"ஆன்டி. மாப்பிள்ளை நேத்து குளிச்சாரா?"

இல்லை என்றார்.

"இன்னிக்குக் குளிக்கணும். பிளீஸ்."

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனார். வேலாயுதம் ஞாயிற்றுக்கிழமைக்காகத் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு தடவை கேட்டால் போதும் அவருக்கு. கேட்டுவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அடுத்தவங்க ஆட்ட நேர்ந்தா செல்லுமா செல்லாதான்னு எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். தண்ணி ஊத்துவோம். துலுக்குனா முனிது. மூணு கொடத்துக்கும் துலுக்கலேன்னா ஓட்டிக்கிட்டுப் போயிருங்க. அவரையே கேட்டுருவோம்லா."

அந்தக் கோயிலில் எப்போதும் அப்படித்தான். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை ஒரு தடவை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று பொருள். உதறாத கிடாவை இதுவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. நனைந்தால் எந்த ஆடும் உதறும்.

பாதி வழியில்தான் அமுதவள்ளிக்கு உறைத்தது, மாப்பிள்ளை உதறுவதில்லை. நின்றார். திரும்பிக் கோயிலைப் பார்த்தார். வேலாயுதம் மறுபடி குழாயின் மேல் குனிந்திருந்தார்.

வீட்டுக்கு வந்தார்.

ஐந்து மணி ஆனது. மாப்பிள்ளை தடுப்பின் கதவருகே வந்து நின்று வாளியைப் பார்த்தது. அமுதவள்ளியும் வாளியைப் பார்த்தார். குளிப்பாட்டினால் முனியை ஏமாற்றுவது போல இருந்தது. குளிப்பாட்டாவிட்டால் பிந்தாவை. கால்மணி நேரம் அப்படியே போனது. கிடா ஒரு தடவை கத்தியது.

அமுதவள்ளி குழாயைத் திறந்தார். வாளி நிறைந்தது. கோயில் இருந்த பக்கம் திரும்பினார்.

"குளிப்பாட்டச் சொன்னாங்க, குளிப்பாட்டுறேன் சாமி. மத்தத நீங்களே பாத்துக்குங்க."

நெற்றி மஞ்சள் கரைந்து ஓடியது. கிடா கண்ணை மூடித் தாடையைத் தூக்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கிரிசாமி கிடாவை ஓட்டிப் போக வந்தார். மஞ்சள் இல்லாததைப் பார்த்தார். குனிந்து மோந்தார்.

"என்னாது, பச்சப்புள்ள வாசம் அடிக்குது?"

"தெனமும் குளிக்கிற கிடா."

"தெனமுமா?"

"தெனமும்."

அவர் புதிதாக மஞ்சள் பூசினார். கயிற்றைப் பிடித்தார். ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது திடீரென்று நின்றார். மனைவியைப் பார்த்தார். கிடாவைப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடி, மறுபடி நடந்தார்.

கோயிலில் அறுபது பேர் இருந்தார்கள். இறக்கத்தில் பிழைத்த ஆளைப் பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர். கிடா வேறொருவருடையது என்ற செய்தி கேட்டு வந்தவர்கள் மீதி. லாமின் வேலிக்கு வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே வரச் சொன்னார்கள். இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்றான். யாரோ அவனுக்கு ஒரு நாற்காலியும் சர்பத் போன்ற சிராப் தண்ணியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வேலாயுதம் கற்பூரம் ஏற்றினார். முதல் குடத்தை எடுத்தார். அமுதவள்ளி முன்னால் வந்தார்.

"பூசாரி. ஒண்ணு சொல்லிர்றேன். இது தெனமும் குளிக்கிற கிடா. ஆறு மாசமா தண்ணிக்கு ஒதறுறதில்ல."

பக்கிரிசாமி தரையைப் பார்த்தார். அவருக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் தானா மனைவியா என்று தண்டவாளத்திலிருந்து அவர் யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

வேலாயுதம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிடாவைச் சுற்றி வந்தார். அதன் முதுகில் கையை வைத்துப் பார்த்தார். கையை மோந்தார்.

"நமக்கே தெரிஞ்சிருச்சு. அவருக்குத் தெரியாதாம்மா?"

முதல் குடம். தலையிலிருந்து வால் வரை ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் கம்பளியில் இறங்கிக் காலில் வடிந்தது. கிடா அசையவில்லை. அசை போட்டது.

கற்பூரம் எரிந்து அடங்கும் வரை நின்றார்கள்.

இரண்டாம் குடம். காதுகளுக்கு நடுவில் மெல்ல ஊற்றினார். எந்த ஆட்டுக்கும் அது பொறுக்காது. கிடாவின் இடது காது ஒரு தடவை ஆடியது. அறுபது பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். காதில் உட்கார்ந்த ஈ பறந்துபோனது. காது நின்றது.

பின்னாலிருந்து ஒருவர் பேசினார். குளித்துப் பழகிய கிடாவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் முனிக்கு நியாயம் இல்லை, ஐஸ் போட வேண்டும் என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் அது சரிதான் என்றார்கள். வேலாயுதம் பக்கிரிசாமியைப் பார்த்தார். பக்கிரிசாமி அமுதவள்ளியைப் பார்த்தார். அமுதவள்ளி வேலிக்கு வெளியே இருந்த லாமினைப் பார்த்தார். அவனுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

சிராப் தண்ணி வைத்திருந்த பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸ் அள்ளி மூன்றாம் குடத்தில் போட்டார்கள். அது கரையக் காத்திருந்தார்கள். குடத்தின் வெளிப்பக்கம் வியர்த்தது.

"இதுக்கு மேல கேக்க மாட்டேன்," என்று வேலாயுதம் சாமி பக்கம் பார்த்துச் சொன்னார். குடத்தைக் கவிழ்த்தார்.

கிடா கண்ணைத் திறந்தது. தோளில் தோல் சுருங்கியது. அந்தச் சுருக்கம் மெதுவாக விலாவுக்கு வந்தது. அமுதவள்ளி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தார். சுருக்கம் இடுப்புக்கு வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் யோசிப்பது போல இருந்து, காணாமல் போனது.

பிறகு கிடா நாலு அடி வைத்து அமுதவள்ளியிடம் வந்தது. தாடையைத் தூக்கியது.

அவர் கை தானாகப் போயிற்று. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கழுத்துக்குக் கீழே தேய்த்துவிட்டார். கிடா கண்ணை மூடியது.

முதலில் சிரித்தது வேலாயுதம். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அவருக்குப் பின்னால் கோயில் முழுவதும் சிரித்தது. வேலிக்கு வெளியே லாமின் காரணம் தெரியாமல் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியதும் வேலாயுதம் மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

"முனி வேணாங்கிறாரு. ஓட்டிக்கிட்டுப் போங்க."

பக்கிரிசாமி நகரவில்லை.

"அப்ப நான் நேர்ந்தது?"

"நீ சொன்னதக் கொண்டாந்து நிறுத்திட்ட. வாங்கிக்க மாட்டேன்னது அவரு. ஒரு சேவலும் சுருட்டும் வச்சுட்டுப் போ, பக்கிரி. இனிமே பிரேக்க மட்டும் பாத்துக்க."

சேவல் அமுதவள்ளி வீட்டிலேயே இருந்தது. அதற்கு ஒரே குடம் போதுமாக இருந்தது.

அன்று மாலை லாமின் ஊருக்குப் போன் செய்தான். நடந்ததை அப்பாவிடம் சொன்னான். அவர் மூன்று கேள்வி கேட்டார். ரத்தம் விழுந்ததா? இல்லை. காயம் உண்டா? இல்லை. வேறு பெயர் சொல்லிக் கத்தி வைத்தார்களா? இல்லை. பெரியவர், அதை நல்ல தண்ணீரில் ஒரு தடவை குளிப்பாட்டிவிடு என்றார்.

லாமின் இதை வந்து சொன்னபோது அமுதவள்ளி கொட்டாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பக்கிரிசாமி போன் செய்தார். இறக்கம் முடிந்தது என்று மட்டும் சொன்னார். புதிய பிரேக். மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிந்தா வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவை. குழந்தையை முதுகில் வைத்துத் துணியால் கட்டியிருந்தாள். கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்ற நீல உடை. அப்படியே வாளியைத் தூக்கினாள். அமுதவள்ளி தடுத்தார், பச்சை உடம்பு என்றார். அவள் கேட்கவில்லை. கிடாவின் முதுகு, வயிறு, கழுத்துக்குக் கீழே. கடைசியில் திரும்பி நின்று முதுகிலிருந்த குழந்தையை அதற்குக் காட்டினாள். கிடா குழந்தையின் காலை மோந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

லாமினும் இரண்டு நண்பர்களும் வந்தார்கள். கொட்டாய்க்குப் பின்னால் தார்ப்பாய் விரித்திருந்தது. அமுதவள்ளி உள்ளே போய் மற்ற ஆடுகளுக்குத் தீனி வைத்தார். தேவைக்கு மேல் வைத்தார். வெளியே லாமினின் குரல் கேட்டது. பிறகு குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. அது பயப்படவில்லை என்று பிறகு பிந்தா சொன்னாள். கடைசி வரை யாரோ தேய்த்துவிடப் போகிறார்கள் என்று நினைத்திருக்கும் என்றாள். சொல்லும்போது அவள் கண் நனைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊரிலும் பெண்கள் அன்றைக்கு இப்படித்தான் இருப்பார்களாம், இரண்டும் ஒன்றாக.

பத்து மணிக்குப் பிளாட்டின் கீழே இருந்த மண்டபத்தில் பெயர் வைத்தார்கள். செராஸிலிருந்தும் சுங்கை வேயிலிருந்தும் அவர்கள் ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் வந்தார்கள். எல்லாரும் மொடமொடப்பாக உடுத்தியிருந்தார்கள். மூத்தவர் ஒருவர் குழந்தையின் தலையில் ஒரு கத்தை முடியை மழித்தார். காதில் எதையோ சொன்னார். பிறகு ஒரு பெண் எழுந்து உரத்த குரலில் அதை எல்லாருக்கும் சொன்னாள். சீரா. மண்டபம் கை தட்டியது. கோயிலிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்களும் தட்டினார்கள். வேலாயுதத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். லாமின் அவரைக் காட்டி ஊர்க்காரர்களிடம் நீளமாக ஏதோ சொன்னான். ஐஸ் என்ற சொல் மட்டும் புரிந்தது. ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வேலாயுதம் கும்பிட்டார்.

மதியம் லாமின் வீட்டுக்கு வந்து ஒரு பொட்டலம் கொடுத்தான். கழுத்துக் கறி. பிந்தாவின் அம்மா வீட்டு வழக்கம் இது என்றான். கயிறு கிடந்த இடம் கயிற்றைப் பிடித்தவருக்கு.

அமுதவள்ளி அதை அடுப்படிக்குக் கொண்டுபோனார். பிறகு வெங்காயம் உரித்தார். மிளகை நுணுக்கினார். பிரட்டல் வாசம் கொட்டாய் வரை போனது.

பக்கிரிசாமி மூன்று மணிக்குக் கிளந்தானிலிருந்து வந்தார். இந்த வாரம் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். குளித்தார். வேட்டி மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சூடான சோறு, ரசம், ஓரத்தில் கறி. அமுதவள்ளி இன்னொரு கரண்டி வைத்தார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்தார். சோற்றோடு பிசைந்தார். வாய் வரை கொண்டுபோனார். அங்கே நிறுத்தினார்.

"ஏன் வள்ளி, முனியே வேணாம்னு சொன்னத நாம சாப்புடலாமா?"